நிக்ஸி கடிகாரத்தின் 180 வோல்ட் சப்ளை: புது மாஸ்ஃபெட்டும் எரிந்தது ஏன்?

ஆறு ஐஎன்-12பி குழல்கள் வைத்த நிக்ஸி கடிகாரம், அதாவது நியான் நிரப்பிய கண்ணாடிக் குழலுக்குள் எண் வடிவக் கம்பிகள் ஒளிர்ந்து நேரம் காட்டுவது. குழல்கள் சோவியத் ஒன்றியத்தில் தயாரானவை, கடிகாரம் கிட்டாக வாங்கிப் பூட்டியது. 12 வோல்ட் அடாப்டரில் ஓடும். உள்ளே எம்சி34063 என்ற கட்டுப்பாட்டு ஐசியும், மின்சுவிட்ச்போல வேலை செய்யும் ஐஆர்எஃப்740 மாஸ்ஃபெட்டும் சேர்ந்து அந்த 12 வோல்ட்டை 180 ஆக உயர்த்தும். என் மேசைக்கு வந்தபோது அடாப்டரைச் செருகினால் அதன் விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்தது, குழல் ஒன்றும் எரியவில்லை. எனக்கு முன்னால் ஒருவர் மாஸ்ஃபெட்டையும் டயோடையும் மாற்றிப் பார்த்திருந்தார். அந்தப் புது மாஸ்ஃபெட் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

இந்த மாதிரி சப்ளையில் மாஸ்ஃபெட் தானாகச் சாவது அரிது. பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒன்று அதைச் சாகடிக்கும். அது எதுவென்று தெரியாமல் புதிதாக வைப்பதெல்லாம் எரிந்துகொண்டுதான் இருக்கும். அதனால் சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன் உரிமையாளரிடம் பேசினேன். ஓய்வு பெற்றவர், என்னைவிட மூத்தவர்.

“நிற்கிறதுக்கு முன்னாடி ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா சார்?”

“வித்தியாசம்னா... கொஞ்ச நாளா முன்னைவிட நல்லாவே எரிஞ்சுது தம்பி. நம்பரைச் சுத்தி லேசா நீலமாக்கூட தெரிஞ்சுது. அப்புறம் கீச்சுன்னு ஒரு சத்தம் வர ஆரம்பிச்சுது. ஒரு நாள் காலையில எரியவே இல்லை.”

இந்த நான்கு வாக்கியங்களில் பழுதின் கதை முழுக்க இருக்கிறது. நிக்ஸி குழல் வயதானால் மங்கும், பிரகாசம் கூடாது. பிரகாசம் கூடுகிறது என்றால் குழலில் ஓடும் மின்னோட்டம் கூடுகிறது, அதாவது சப்ளையின் வோல்ட் ஏறுகிறது. குழலுக்குள் நியானோடு சிறிதளவு பாதரசமும் உண்டு, எண் வடிவக் கம்பிகள் அரிக்கப்படாமல் இருக்க அது உதவுகிறது. மின்னோட்டம் அளவு மீறும்போது அந்தப் பாதரசத்தின் நீலம் வெளியே தெரிய ஆரம்பிக்கும். காலையில் எரியவில்லை என்றதும் முக்கியம். இந்தக் கடிகாரம் குழலின் ஆயுளைக் காக்க இரவு 11 மணிக்குக் குழல்களை அணைத்துவிட்டு காலை 5 மணிக்கு மறுபடி ஏற்றும். குழல்களுக்குப் போகும் 180 வோல்ட் பாதையை ஒரு எம்பிஎஸ்ஏ92 டிரான்சிஸ்டர் துண்டிக்கும், ஆனால் சப்ளை மட்டும் இரவு முழுக்க சுமையே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

போர்டைத் தொடுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. அடாப்டர் 12 வோல்ட்தானே என்று நினைக்கக் கூடாது. வெளியீட்டுக் கெப்பாசிட்டரில் 180 வோல்ட் நிற்கும், பழுதான போர்டில் 300 வரைகூட நிற்கலாம். அடாப்டரைப் பிடுங்கிய பிறகும் அது சில நொடி இருக்கும், வெளியீட்டு வோல்ட்டை ஐசிக்குச் சொல்லும் ஃபீட்பேக் ரெசிஸ்டர் அறுந்திருந்தால் வெகுநேரம் இருக்கும். 10 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு காலிலும் காப்பிட்ட ஒயர் வைத்துச் சால்டர் செய்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதைக் கெப்பாசிட்டர் முனைகளில் வைத்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் விரல். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வது வேண்டாம். அந்தப் பொறி கெப்பாசிட்டரையும் பிசிபி தடத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

இனி சுற்று எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், பின்னால் வரும் அளவுகள் எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன. மாஸ்ஃபெட் ஆன் ஆகும்போது 12 வோல்ட் நேரே 100 மைக்ரோஹென்றி காயிலின் மேல் விழும், காயிலின் மின்னோட்டம் சீராக ஏறும். மாஸ்ஃபெட் சட்டென்று ஆஃப் ஆனதும், ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர்க் குழாயை ஒரே நொடியில் மூடினால் குழாய் உதைப்பதுபோல, காயில் தன் மின்னோட்டத்தை எப்படியாவது ஓடவிடப் பார்க்கும். காயிலோடு இணையும் மாஸ்ஃபெட்டின் காலில், அதாவது டிரெய்ன் முனையில், வோல்ட் எகிறி, டயோடு வழியாகக் கெப்பாசிட்டரில் இறங்கும். காயிலுக்கு முன்னால் 0.22 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. அதன் குறுக்கே 0.3 வோல்ட் வந்ததும் ஐசி ஆன் நேரத்தை முடித்துவிடும், அதாவது உச்சம் சுமார் 1.36 ஆம்பியர். அந்த உச்சத்தில் காயிலில் இருக்கும் ஆற்றல் 92 மைக்ரோஜூல். நேரக் கெப்பாசிட்டர் 470 பிக்கோஃபாரட், ஆகவே ஆன் ஏறக்குறைய 12 மைக்ரோநொடி, ஆஃப் 2 மைக்ரோநொடி, வினாடிக்கு எழுபதாயிரம் சுழற்சிக்கு மேல். எவ்வளவு முயன்றாலும் இந்தச் சப்ளை ஆறரை வாட்டைத் தாண்ட முடியாது. ஆறு குழல்களுக்குத் தலா இரண்டரை மில்லிஆம்பியர் என்றால் தேவை 2.7 வாட்தான். தாராளமான வடிவமைப்பு.

இதில் பலருக்கும் பிடிபடாத ஒரு விஷயம் உண்டு. 12-ஐ 180 ஆக்குவதில் காயில் மின்னோட்டம் ஒருபோதும் பூஜ்யத்தைத் தொடாமல் ஓட வேண்டுமானால் மாஸ்ஃபெட் 93 சதவீத நேரம் ஆன் ஆக இருக்க வேண்டும். எம்சி34063-ஆல் 86 சதவீதத்துக்கு மேல் முடியாது. ஆகவே இந்தச் சுற்றில் காயில் ஒவ்வொரு சுழற்சியிலும் முழுக்கக் காலியாகித்தான் ஆக வேண்டும். ‘சப்ளை பலவீனமாக இருக்கிறது, பெரிய காயில் போடுவோம்’ என்று 330 மைக்ரோஹென்றி வைப்பவர்களுக்கு வோல்ட் இன்னும் குறைவது இதனால்தான். பெரிய காயிலில் 12 மைக்ரோநொடிக்குள் மின்னோட்டம் 0.44 ஆம்பியருக்கு மேல் ஏறாது. கிடைப்பது இரண்டே கால் வாட், அது போதாது.

முதலில் மின்சாரம் இல்லாமல் அளந்தேன். மாஸ்ஃபெட்டின் மூன்று காலும் (டிரெய்ன், தரைப் பக்கம் உள்ள சோர்ஸ், ஆன்–ஆஃப் செய்யும் கேட்) ஒன்றோடொன்று ஷார்ட். டிரெய்னும் சோர்ஸும் மட்டும் ஷார்ட் ஆகியிருந்தால் பாதிப்பு ஓரளவோடு நிற்கும். கேட்டும் சேர்ந்து போயிருந்தால் டிரெய்னில் இருந்த உயர் வோல்ட் கேட் வழியாகப் பின்னோக்கிப் பாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பாதையில் உள்ள எதையும் நல்லது என்று நம்பக் கூடாது. மாஸ்ஃபெட்டைக் கழற்றினேன். ஐசி சாக்கெட்டில் இருந்தது, அதையும் கழற்றி அளந்தால் அதன் வெளியீட்டு டிரான்சிஸ்டர் ஷார்ட். 0.22 ஓம் ரெசிஸ்டர் நன்றாக இருந்தது.

அடுத்தது கேட்டை இறக்கும் டிரான்சிஸ்டர். பழுதின் இரண்டாம் பாதி இங்கேதான் ஒளிந்திருந்தது. எம்சி34063-இன் வெளியீட்டுக்கு ஒரு குறை உண்டு: கேட்டை மேலே தூக்க முடியும், கீழே இழுக்க முடியாது. அதனால் இரண்டாம் காலிலிருந்து கேட்டுக்கு ஒரு 1என்4148 டயோடும், கேட்டைத் தரைக்கு இழுக்க 2என்3906 என்ற பிஎன்பி டிரான்சிஸ்டரும் வைப்பார்கள். அதன் எமிட்டர் கேட்டில், பேஸ் ஐசியின் இரண்டாம் காலில், கலெக்டர் தரையில். பேஸிலிருந்து தரைக்கு 1 கிலோ ஓம். மீட்டரை டயோடு நிலையில் வைத்து எமிட்டர்–பேஸ் பார்த்தால் 0.68 வோல்ட், கச்சிதம். இத்தோடு நிறுத்தினால் டிரான்சிஸ்டர் நல்லது என்று தோன்றும். கலெக்டர்–பேஸ் பார்த்தால் ஓப்பன். முதல் மாஸ்ஃபெட் செத்தபோது பாய்ந்த மின்சாரம் கலெக்டர் இணைப்பை மட்டும் எரித்துவிட்டிருக்கிறது.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். கேட்டில் இருக்கும் மின்னூட்டம் இப்போது எமிட்டர்–பேஸ் சந்தி வழியாக 1 கிலோ ஓமைத் தாண்டித்தான் தரைக்குப் போக முடியும். ஐஆர்எஃப்740-இன் கேட்–டிரெய்ன் மின்னூட்டம் அதிகபட்சம் 32 நானோகூலும். 1 கிலோ ஓம் வழியாக அந்த நேரத்தில் ஐந்தாறு மில்லிஆம்பியர்தான் ஓடும். ஆக, ஆஃப் ஆவதற்கே ஐந்து மைக்ரோநொடிக்கு மேல் தேவை. ஆனால் ஐசி கொடுக்கும் ஆஃப் நேரம் மொத்தமே 2 மைக்ரோநொடி! மாஸ்ஃபெட் பாதி ஆன், பாதி ஆஃப் என்ற நிலையிலேயே நின்று, வந்த ஆற்றலையெல்லாம் தன் உடம்பில் சூடாக்கிக்கொள்ளும். ஹீட் சிங்க் இல்லாத டிஓ-220 உறை ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 62 டிகிரி சூடேறும். இரண்டு மூன்று வாட்டே அதற்கு மரணம். இரண்டாவது மாஸ்ஃபெட் இப்படித்தான் போயிருக்கிறது.

போதாக்குறைக்கு டயோடு. முந்தைய பழுதுபார்ப்பில் யுஎஃப்4004-ஐ எடுத்துவிட்டு 1என்4007 வைத்திருந்தார்கள். ஆயிரம் வோல்ட் தாங்குமே என்ற எண்ணம் நியாயமானதாகத் தோன்றலாம். ஆனால் 1என்4007, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேராக்கப் பிறந்தது. கடத்துவதை நிறுத்தச் சொன்ன பிறகும் மைக்ரோநொடிக் கணக்கில் பின்னோக்கிக் கடத்தும், அந்த நேரத்தில் 180 வோல்ட் கெப்பாசிட்டர் மாஸ்ஃபெட் வழியாகத் தரைக்கு ஒழுகும். யுஎஃப்4004 இதே வேலையை 50 நானோநொடியில் முடிக்கும். கடையில் ‘ஹை வோல்ட் டயோடு’ என்று கேட்காமல் ‘யுஎஃப்’ எண் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். யுஎஃப்4007 கிடைத்தாலும் சரி.

இதுவரை கண்டது இரண்டாவது மாஸ்ஃபெட் எரிந்ததற்கான காரணம். முதலாவது ஏன் செத்தது? அதற்குத்தான் உரிமையாளர் சொன்ன பிரகாசம் பதில் சொல்ல வேண்டும்.

வெளியீட்டு வோல்ட்டை ஐசி நேரடியாகப் பார்ப்பதில்லை. 1 மெகா ஓம் மேலே, 7 கிலோ ஓம் கீழே என்று பிரித்து, நடுவில் வருவதை ஐந்தாம் காலில் 1.25 வோல்ட்டோடு ஒப்பிடும். கீழ்ப் பகுதியில் ஒரு ரெசிஸ்டரும், திருகி ஓமை மாற்றக்கூடிய பிரீசெட்டும் தொடராக இருக்கின்றன. பிரீசெட் சரியாகவே இருந்தது. அது கீழே இருந்தது வடிவமைத்தவரின் நல்ல முடிவு. பிரீசெட்டின் நடு முனை துருப்பிடித்துத் தொடர்பு விட்டால் கீழ்ப் பகுதியின் ஓம் ஏறும், ஐசி வோல்ட்டைக் குறைக்கும், கடிகாரம் வெறுமனே அணையும். இதே பிரீசெட் மேல்பக்கம் இருந்திருந்தால் தொடர்பு விட்ட கணமே வோல்ட் கட்டுப்பாடின்றி ஏறும்.

மேலே இருந்த 1 மெகா ஓம் ரெசிஸ்டர் 0805 அளவு எஸ்எம்டி, அதாவது கால் இல்லாமல் போர்டின் மேலேயே சால்டர் செய்யும் பொடி வகை. ஒரு முனையைத் தூக்கி அளந்தேன்: 1.62 மெகா ஓம்.

வடிவமைத்தவர் வாட் கணக்குப் பார்த்திருப்பார். 180 வோல்ட்டில் 1 மெகா ஓம் எரிப்பது 32 மில்லிவாட், 0805 தாங்குவது 125. நாலு மடங்கு இடம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் ரெசிஸ்டருக்கு வாட் எல்லை போலவே வோல்ட் எல்லையும் உண்டு. 0805-க்கு அது பொதுவாக 150 வோல்ட், அதைவிடப் பெரிய 1206-க்கு 200. ஓம் அதிகமான ரெசிஸ்டர்களில் வாட் எல்லையைத் தொடுவதற்கு வெகு முன்பே வோல்ட் எல்லை வந்துவிடும். உயர் வோல்ட் சப்ளைகளில் அதிகம் கவனிக்கப்படாத விஷயம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஐசி, மாஸ்ஃபெட், காயில் என்று எல்லாவற்றுக்கும் டேட்டாஷீட் தேடுகிறவர்கள், காசு பெறாத ஒரு ரெசிஸ்டருக்குத் தேடுவதில்லை.

எல்லைக்கு மேல் நாள்கணக்கில் நின்ற ரெசிஸ்டரின் மதிப்பு நகர ஆரம்பிக்கிறது. இந்தக் கடிகாரத்தில் அது மேல்நோக்கி நகர்ந்திருக்கிறது, அங்கேதான் ஆபத்து. மேல் ரெசிஸ்டர் 1.3 மெகா ஆனால் ஐசி பராமரிக்கும் வோல்ட் 233. வோல்ட் ஏறினால் ரெசிஸ்டரின் மேல் விழும் பாரமும் ஏறும், அது இன்னும் வேகமாக நகரும், வோல்ட் இன்னும் ஏறும். தன்னைத் தானே விரட்டும் வட்டம் இது. 1.62 மெகாவில் கணக்குப்படி 290 வோல்ட்.

பகலில் அந்த 290 தெரியாது. குழல் எரியும்போது தன் குறுக்கே சுமார் 140 வோல்ட்டைப் பிடித்துக்கொள்ளும், மிச்சம் குழலோடு தொடராக இருக்கும் ஆனோடு ரெசிஸ்டரில் விழும். 180-இல் இரண்டரை மில்லிஆம்பியர் வர 16 கிலோ ஓம். சப்ளை உயர உயரக் குழல்கள் அதிகம் இழுக்கும், சப்ளையின் வாட் எல்லை குறுக்கே வந்து 205 வோல்ட் அருகே எல்லாம் சமநிலைக்கு வரும். அங்கே ஒரு குழலுக்கு 4 மில்லிஆம்பியர். ஐஎன்-12-க்குச் சொன்ன எல்லை மூன்றரை. உரிமையாளர் கண்ட நல்ல பிரகாசமும் நீலமும் இந்த 4 மில்லிஆம்பியர்தான்.

இரவு 11 மணிக்குக் குழல்கள் துண்டிக்கப்பட்டதும் இழுப்பதற்கு ஆளில்லை. வெளியீடு 290-க்கு ஏறி விடியும் வரை அங்கேயே நிற்கும். வெளியீட்டுக் கெப்பாசிட்டரோ 4.7 மைக்ரோஃபாரட், 250 வோல்ட். ஒவ்வோர் இரவும் அது எல்லைக்கு மேல் 40 வோல்ட் சுமந்து, உள்ளே சூடாகி, திரவம் வற்றியிருக்கிறது. கழற்றிப் பார்த்தால் அடி ரப்பர் வெளியே தள்ளியிருந்தது. டெஸ்டரில் 0.3 மைக்ரோஃபாரட், உள் தடை 200 ஓமுக்கும் மேல். நல்ல கெப்பாசிட்டரில் அது சில ஓம்தான் இருக்கும்.

200 ஓம் என்ற அந்த எண்தான் மாஸ்ஃபெட்டைக் கொன்றது. காயில் ஒவ்வொரு சுழற்சியிலும் 1.36 ஆம்பியரைக் கெப்பாசிட்டரில் தள்ளுகிறது. 1.36 பெருக்கல் 200 என்றால் 272 வோல்ட், அது ஏற்கெனவே நிற்கும் 205-க்கு மேல் ஏறும். டிரெய்ன் முனையில் 470 வோல்ட்டுக்கும் மேல் முட்டும். ஐஆர்எஃப்740 தாங்குவது 400. அதற்கு மேல் வருவதை மாஸ்ஃபெட் தன் உடம்புக்குள்ளேயே உடைந்து விழுங்கும். எப்போதாவது ஒரு முறை என்றால் தாங்கும், வினாடிக்கு எழுபதாயிரம் முறை தாங்காது. சராசரி வோல்ட்டை மட்டும் பார்க்கும் ஃபீட்பேக்குக்கு இந்த முட்டல் தெரியவே தெரியாது. மல்டிமீட்டருக்கும் தெரியாது. இரவில் சுமை இல்லாததால் ஐசி எப்போதாவது ஒரு துடிப்புதான் அனுப்பும், அதனால் மாஸ்ஃபெட் பிழைத்திருக்கும். காலை 5 மணிக்குக் குழல்கள் எரிய ஆரம்பித்ததும் முழு வேகம், முழு முட்டல். காலையில் எரியவே இல்லை என்று அவர் சொன்னதற்கு இந்தக் கணக்கு பொருந்தி வருகிறது.

காரணங்கள் கிடைத்தன, இனி வேலை. மேல் ரெசிஸ்டருக்குப் பதிலாக மூன்று 330 கிலோ ஓம் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களைத் தொடராகப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் 60 வோல்ட்தான் வரும். எஸ்எம்டி தடத்தில் கால் ரெசிஸ்டர் அமர இடமில்லை. நிமிர்த்தி நிறுத்தி, கால்களுக்கு ஸ்லீவ் போட்டு, அடியில் எபாக்ஸி வைத்தேன். வெளியீட்டுக் கெப்பாசிட்டர் 400 வோல்ட், 105 டிகிரி வகை. அதன் பக்கத்தில் 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் கெப்பாசிட்டர் ஒன்றும் சேர்த்தேன், நாளை பெரியது வற்றினாலும் முட்டலை அது ஓரளவு தடுக்கும். புது ஐசி, புது 2என்3906, யுஎஃப்4007. 2என்3906 கிடைக்காவிட்டால் பிசி557 போடலாம், ஆனால் அதன் கால் வரிசை தலைகீழ். திருப்பி நிறுத்த வேண்டும்.

மாஸ்ஃபெட்டை உடனே வைக்கவில்லை. அது இல்லாமலே 12 வோல்ட் கொடுத்தால் காயில், டயோடு வழியாக வெளியீட்டில் ஏறக்குறைய பதினொன்றரை வோல்ட் வரும். அந்த எண் நல்ல அடையாளம்: காயிலும் டயோடும் அறுபடவில்லை, வெளியீடு ஷார்ட் இல்லை. பூஜ்யம் வந்தால் மேலே போகவே கூடாது. பதினொன்றரை வந்தது. ஃபீட்பேக் காலில் 1.25 வராததால் ஐசி முழு மூச்சில் ஓடும், கேட் அலைவடிவத்தை நிம்மதியாகப் பார்க்கலாம். மாஸ்ஃபெட்டின் கேட்டுக்குப் பதிலாக 1.5 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைக் கேட் இடத்தில் தொங்கவிட்டு, அலைவடிவம் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் (ஸ்கோப்) பார்த்தேன். 10 வோல்ட் வரை ஏறுகிறது, இறக்கம் செங்குத்து. பழைய டிரான்சிஸ்டரை ஒரு தடவை திரும்ப வைத்துப் பார்த்தேன், ஒப்பிடுவதற்காகத்தான். இறக்கம் சரிவாகி, தரையைத் தொடுவதற்குள் அடுத்த ஏற்றம் வந்துவிட்டது.

பிறகு மாஸ்ஃபெட். குழல்களை இன்னும் இணைக்கவில்லை. பழுது முழுக்கத் தீர்ந்ததா என்று தெரியாத சப்ளையில் இனி எளிதில் கிடைக்காத குழல்களை மாட்டிச் சோதிப்பது நியாயமில்லை. 3.9 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் மூன்றைத் தொடராக இணைத்தால் 11.7 கிலோ ஓம். 180 வோல்ட்டில் 15.4 மில்லிஆம்பியர் இழுக்கும், ஆறு குழல்களின் பாரமும் அதே அளவுதான். சுமை இல்லாமல் 180 காட்டும் சப்ளையை நம்ப வேண்டாம், கிட்டத்தட்ட எல்லாப் பழுதுகளும் சுமை ஏறும்போதுதான் முகம் காட்டும்.

உள்ளீட்டுக்கு மின்னோட்ட எல்லை வைக்கக்கூடிய பெஞ்ச் சப்ளை இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் பைக் இண்டிகேட்டர் பல்பைத் தொடராகப் போடுவது உண்டு. ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் அது உதவும். இந்த மாதிரி சப்ளை உள்ளீட்டு வோல்ட் குறையக் குறைய அதிக ஆம்பியர் கேட்கும். பல்போடு சுமையை ஏற்றினால் நல்ல சப்ளையும் திணறுவதுபோலத் தெரிந்து உங்களைக் குழப்பும்.

சுமை இல்லாமல் 180 வந்தது. சுமை வைத்ததும் 150-க்கு இறங்கியது, மெல்லிய கீச்சுச் சத்தம் வேறு. மாஸ்ஃபெட் குளிர்ச்சியாக இருந்தது, கேட் சரி, டயோடு சரி. மிச்சம் காயில்தான். ஓம் அளந்தால் சரியாகவே காட்டியது, ஆனால் 0.22 ஓம் ரெசிஸ்டரின் இரு பக்கமும் ஸ்கோப்பை மாறி மாறி வைத்து வித்தியாசம் பார்த்தால் மின்னோட்டம் நேர்கோடாக ஏறாமல் தொடக்கத்திலேயே செங்குத்தாகப் பாய்ந்து எல்லையைத் தொட்டது. மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகிக் கிடந்த நேரத்தில் அடாப்டரின் மின்னோட்டம் முழுக்க இந்தக் காயில் வழியாகத்தான் போயிருக்கிறது. சுருக்கும் உறையை உரித்தால் உள்ளே எனாமல் கருகி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சில சுற்றுகள் ஷார்ட் ஆனால் ஓம் மீட்டருக்குத் தெரியாது, மின்தூண்டல் மட்டும் அதலபாதாளத்துக்குப் போகும். 3 ஆம்பியர் வரை பூரிதமாகாத, அதாவது மின்தூண்டல் சரியாத, 100 மைக்ரோஹென்றி காயில் ஒன்றை வைத்தேன்.

டிரெய்ன் முனையை ஸ்கோப்பில் பார்க்கும்போது புரோப் கட்டாயம் பத்து மடங்கு நிலையில் இருக்க வேண்டும். ஒரு மடங்கில் 180 வோல்ட்டை நேரே கொடுத்தால் ஸ்கோப்பின் முகப்பே போகலாம். புரோப் எத்தனை வோல்ட் தாங்கும் என்பதும் அதன் மேலேயே எழுதியிருக்கும், படித்துவிடுங்கள். இப்போது முட்டல் 190-ஐத் தாண்டவில்லை. 12 வோல்ட்டில் 0.31 ஆம்பியர் உள்ளே, 180 வோல்ட்டில் 15.4 மில்லிஆம்பியர் வெளியே. 75 சதவீதத்தை நெருங்கும் திறன், எம்சி34063-இடம் இதைவிட அதிகம் எதிர்பார்ப்பதற்கில்லை. ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிடுங்கி, கெப்பாசிட்டரைக் காலி செய்துவிட்டு மாஸ்ஃபெட்டைத் தொட்டால் விரல் தாராளமாகத் தாங்கியது.

இத்தோடு மூடியிருக்கலாம். ஆனால் ஒரே ஒரு ரெசிஸ்டரின் மதிப்பை நம்பி ஒரு வீட்டுக் கடிகாரத்தில் 180 வோல்ட் நிற்பது எனக்குச் சம்மதமில்லை. குறித்த வோல்ட்டைத் தாண்டினால் மட்டும் கடத்தும் 100 வோல்ட் ஜெனர் டயோடு இரண்டைத் தொடராக்கி, 10 கிலோ ஓம் சேர்த்து, வெளியீட்டிலிருந்து ஐந்தாம் காலுக்கு இரண்டாவது பாதை ஒன்று போட்டேன். ஜெனர் எண் 1என்4764ஏ. மேல் ரெசிஸ்டர் முழுக்க அறுந்தாலும் 200 வோல்ட் சுமாரில் ஜெனர்கள் கடத்தி ஐந்தாம் காலை 1.25-க்கு மேல் தூக்கும், ஐசி நின்றுவிடும். 0.2 மில்லிஆம்பியர் போதும் என்பதால் ஜெனர்கள் சூடாவதும் இல்லை. மேல் ரெசிஸ்டரின் ஒரு காலை வேண்டுமென்றே தூக்கிச் சோதித்தேன், சுமை இல்லாமல் வெளியீடு 198-இல் நின்றது. 180-இல் ஜெனர்கள் லேசாக ஒழுகுவதால் வெளியீடு ஓரிரு வோல்ட் இறங்கும், அதனால் இந்தப் பாதையைப் போட்ட பிறகுதான் பிரீசெட்டைக் கடைசியாகத் திருப்ப வேண்டும்.

குழல்களை மாட்டியதும் ஆறும் எரிந்தன. ஒவ்வொன்றின் ஆனோடு ரெசிஸ்டர் குறுக்கேயும் 40 வோல்ட் அருகில், அதாவது இரண்டரை மில்லிஆம்பியர். இரவு அணைப்பு டிரான்சிஸ்டர் சேதமில்லாமல் தப்பியிருந்தது. அதன் 300 வோல்ட் எல்லைக்கு 290 என்பது எவ்வளவு அருகே என்று பாருங்கள்! எந்த எண் எரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் கே155ஐடி1 டிரைவர் ஐசிகளும் பிழைத்தன. எரியும் எண் ஒன்று இருக்கும் வரை ஆனோடு 140 வோல்ட்டிலேயே பிடிபடுவதால், சப்ளை எகிறியது அவற்றை எட்டவில்லை.

அதிக மின்னோட்டத்தில் ஓடியதன் தடம் குழல்களில் கொஞ்சம் இருக்கிறது. மணிப் பத்து இடத்துக் குழலில் எப்போதும் 0, 1, 2 மட்டுமே எரிவதால், அவற்றிலிருந்து தெறித்த உலோகம் எரியாத எண்களில் படிந்திருந்தது. சோதனை முறையில் அதே குழலில் 7-ஐ எரியவிட்டால் பாதிதான் ஒளிர்ந்தது. இந்தப் படிவு, பழுதான எண்ணைச் சற்றுக் கூடுதல் மின்னோட்டத்தில் தொடர்ந்து எரியவிட்டால் பெரும்பாலும் போய்விடும். மூன்று மில்லிஆம்பியரில் ஒரு நாள் விட்டதில் 7 முழுமையானது. இனி படியாமல் இருக்க, கடிகாரத்தின் அமைப்பில் இரவு அணைவதற்கு முன் பத்து நிமிடம் எல்லாக் குழல்களும் 0 முதல் 9 வரை சுழலும்படி வைத்துக் கொடுத்திருக்கிறேன். மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டில் 180, 11.7 கிலோ ஓம், 0.31 ஆம்பியர் என்ற மூன்று அளவுகளையும், ஜெனர் பாதை எங்கே இருக்கிறது என்பதையும் எழுதி ஒட்டினேன். அடுத்து இதைத் திறப்பவருக்குச் சர்க்யூட் படம் கிடைக்காமல் போகலாம்.